ஒடெஸா கில்லியமும் மூன்று நாற்காலிகளும்

மார்ஸ்டன் நகரத்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்குப் பதினான்கு இடங்கள். ஒன்று இரண்டு வருடமாகக் காலி. மீதிப் பதின்மூன்று பேரில் யாரை எந்த ஜனாதிபதி நியமித்தார், யார் எந்தப் பக்கம் சாய்வார் என்று வக்கீல்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பார்கள். ஏழுக்கு ஆறு என்பார்கள். பாதி ஓய்வு பெற்று, ஆனாலும் வழக்கு கேட்க வந்துபோகும் மூத்தவர்கள் நான்கு பேரையும் சேர்த்தால் கணக்கு வேறு என்பார்கள். நான்கு மாநிலத்து வழக்குகளும் இங்கேதான் வந்து சேர்கின்றன. அதனால் இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவன் வக்கீலே இல்லை என்பது அவர்கள் எண்ணம்.

ஒடெஸா கில்லியம் இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எதற்கு என்பார். யாருக்கு வெந்நீர், யாருக்கு ஐஸ் போட்ட தண்ணீர், யார் நாற்காலிக்கு முதுகு மெத்தை வேண்டும், யார் கோபம் வந்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருடமாக நீதிமன்ற அறையைத் திறப்பவரும் மூடுபவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சர்ச்சில் ஆட்களை இருக்கையில் உட்கார வைப்பார். செவ்வாய் முதல் வெள்ளி வரை நீதிபதிகளை உட்கார வைப்பார். இரண்டு இடத்திலும் ஒரே அதட்டல்தான். ஆனால் கணக்கே போடுவதில்லை என்று அவர் சொல்வது முழுப் பொய். மனசுக்குள் எல்லாரையும்விட அதிகமாகப் போடுகிறவர் அவர்தான்.

ஒவ்வொரு வழக்கையும் மூன்று நீதிபதிகள் கேட்பார்கள். எந்த மூவர் என்பது குலுக்கலில் முடிவாகும். விசாரணை நாள் காலை எட்டரை மணிக்குக் கண்ணாடிப் பலகையில் பெயர் ஒட்டும்வரை அது ரகசியம். ஒட்டியதும் வக்கீல்கள் ஓடிவந்து பார்ப்பார்கள். ஒருவர் முகம் பூரிக்கும், இன்னொருவர் முகம் தொங்கிப்போகும். ஒடெஸாவின் கணவர் ப்ரெஸ்டன் தபால்காரர். ஊர்க்கதை முழுக்கத் தெரிந்தவர். "எனக்கு மட்டும் ஒரு பேரு சொல்லேன்டி" என்று முப்பது வருடமாகக் கேட்கிறார். "போய்ப் பாத்திரத்தைக் கழுவுங்க" என்பதுதான் இதுவரை கிடைத்த பதில்.

இந்த ரகசியத்தில் ஒரு சங்கடம் உண்டு. நீதிபதி வீட்டில் யாருக்காவது ஒரு கம்பெனியில் பங்கு இருந்தால், அந்தக் கம்பெனி வழக்கிலிருந்து அவர் விலகிக்கொள்ள வேண்டும். யார் வரப்போகிறார் என்று வக்கீல்களுக்குத் தெரியாததால் அவர்களால் எச்சரிக்க முடியாது. நீதிபதிகளின் பட்டியலையும் கம்பெனிகளின் பட்டியலையும் ஒத்துப் பார்ப்பது கணினி. கணினிக்குப் பெயர்களை ஊட்டுவது ஒடெஸா. அவர் ஊட்டாததைக் கணினி எப்படிப் பார்க்கும்?

அந்த அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்குப் படத்திறப்பு விழா. இருநூறு நாற்காலி போட வேண்டியிருந்தது, கேக் வரவில்லை, நீதிபதியின் மருமகள் படம் கோணலாக மாட்டியிருக்கிறது என்று மூன்று தடவை புகார் செய்தாள். நடுவில் பிளாக் ஃபோர்க் நிலக்கரிக் கம்பெனியிலிருந்து ஒரு பக்கக் காகிதம் வந்தது. ஒடெஸா அதைப் படிக்காமல் மேசைத் தட்டில் போட்டார், அதற்குமேல் விழாக் காகிதங்கள் விழுந்தன.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கே வாசலில் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். ஒல்லியான உடம்பு, சாம்பல் நிறக் கோட்டு, கையில் அலுமினியத் தாளில் சுற்றிய பொட்டலம். மலைப்பக்கத்திலிருந்து நாலு மணிநேரம் பஸ்ஸில் வந்திருந்தாள். பெயர் வில்லாடீன் ஸ்டர்கில்.

"ஏம்மா, கறித்துண்டு வச்சுச் சுட்ட பெப்பரோனி ரொட்டி மூணு வச்சிருக்கேன். காவலாளி உள்ள கொண்டுபோகக் கூடாதுங்கறான். குப்பையில போடச் சொல்றான். எனக்கு மனசு வரல."

"எங்கிட்ட குடுங்க. என் மேசையில இருக்கட்டும். காவலாளி கையில குடுத்தா ரொட்டி இருக்காது, தாள்தான் இருக்கும்."

அம்மாள் சிரித்தாள். அவள் கணவர் ஹோபார்ட் முப்பத்தாறு வருடம் பிளாக் ஃபோர்க் சுரங்கத்தில் வேலை பார்த்து, நுரையீரல் கரியேறிச் செத்துப்போனவர். விதவைக்கு உதவித்தொகை உண்டு என்று முதலில் விசாரித்தவர் எழுதினார். கம்பெனி மேலே போனது, மேலேயிருந்த வாரியம் அதை அடித்துப்போட்டது. இப்போது அவள் இங்கே வந்திருக்கிறாள். இதற்குள் ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

"எனக்கு எழுபத்தொம்பது ஆகுதும்மா. இன்னைக்கு முடிஞ்சிரும்ல? இன்னொரு தடவை இந்த பஸ்ல வர என்னால ஆகாது."

ஒடெஸா ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். பதில் சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் மனசுக்குள் கணக்குப் போட்டார். நடுவில் உட்காரப்போகிறவர் நீதிபதி கோரின் மேடக்ஸ். முன்னாள் அரசு வக்கீல், சட்டத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத பெண்மணி. அவருக்கு இடப்பக்கம் ப்ரூயெட். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, வாயே திறக்காத இளைஞர். வலப்பக்கம் லியோபோல்ட் ஸ்ட்ராண்ட். எண்பத்தொரு வயது, சுரங்க ஊர் டாக்டரின் மகன். அனுபவத்தைப் பார்த்தால் நடுநாற்காலி அவருக்குத்தான், ஆனால் பாதி ஓய்வு பெற்றவர் தலைமை தாங்கக் கூடாது என்று சட்டம். இந்த அம்மாளுக்கு நிச்சயமான ஓட்டு ஒன்று இருந்தால் அது ஸ்ட்ராண்டுடையது என்று ஒடெஸா முடிவு கட்டினார். எட்டரைக்குப் பலகையைப் பார்த்த அம்மாளின் வக்கீலும் அதையேதான் நினைத்திருப்பார். ஸ்ட்ராண்ட் பெயரை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார், பாவம்.

அன்று மூன்று வழக்குகள். ஸ்டர்கில் வழக்கு கடைசி. அம்மாள் பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஸ்ட்ராண்ட் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடக்ஸ் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி வக்கீல் முடிக்கப்போகும் நேரத்தில் ப்ரூயெட் முதல்முறையாக வாய் திறந்தார்.

"உங்க கம்பெனி இப்ப யார் கையில இருக்கு, வக்கீல்?"

"போன மாசம் கார்வெத் குழுமம் வாங்கிடுச்சு, ஐயா. வியாழக்கிழமையே காகிதம் போட்டிருக்கோம்."

தட்டில் கிடக்கும் அந்தக் காகிதம் ஒடெஸாவுக்கு ஞாபகம் வந்தது. கார்வெத் என்ற பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். ஸ்ட்ராண்டின் பட்டியலில் ஐந்தாவது வரி. அவர் மனைவி மார்கிட்டுக்கு அப்பா வழியில் வந்த பங்குகள். ஸ்ட்ராண்டின் முகத்தைப் பார்த்தார். சலனமே இல்லை. வீட்டு விவகாரம் எல்லாம் மார்கிட் கையில். அந்த மனிதருக்குத் தன் கார் என்ன நிறம் என்பதே சந்தேகம்.

வக்கீலின் நேரம் முடிந்தது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த நீதிமன்றத்தில் ஒரு வழக்கம்: விசாரணை முடிந்ததும் நீதிபதிகள் மேடையிலிருந்து இறங்கிவந்து இரு தரப்பு வக்கீல்களுக்கும் கைகொடுப்பார்கள். அதன்பின் பக்கவாட்டுக் கதவு வழியாகத் தாழ்வாரம் தாண்டி நேரே ஆலோசனை அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி ஓட்டுப் போடுவார்கள். உள்ளே வேறு யாருக்கும் அனுமதி கிடையாது. ஆக, கைகுலுக்கலுக்கும் கதவு சாத்துவதற்கும் இடைப்பட்ட நேரம்தான் ஒடெஸாவுக்கு.

அந்த இரண்டு நிமிடத்தில் அவர் நினைத்ததை எல்லாம் எழுதினால் அவர் என்னை மன்னிக்க மாட்டார், ஆனாலும் எழுதுகிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தார். காகிதம் தட்டில் இருப்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தார். சொன்னால் ஸ்ட்ராண்ட் விலகுவார். இரண்டு பேர் இருந்தாலும் தீர்ப்புச் சொல்லலாம், ஆனால் இருவரும் ஒத்துப்போக வேண்டும். ஆளுக்கொரு பக்கம் போனால் புதிதாக மூன்று பேர், புதிதாக விசாரணை, அடுத்த வருடம், அந்த பஸ். சொல்லாமல் விட்டு, பின்னால் யாராவது கண்டுபிடித்தால் ஜெயித்த தீர்ப்பும் செல்லாது. முப்பத்தொரு வருட வேலையில் கண்ணீர் வந்தது அன்று ஒருநாள்தான்.

ஸ்ட்ராண்ட் ஆலோசனை அறைக் கதவுக்கு மூன்றடி தூரத்தில் இருந்தார்.

"ஜட்ஜையா, ஒரு நிமிஷம் நில்லுங்க."

மூவரும் நின்றார்கள். தாழ்வாரத்தில் யாரும் அவர்களை நிறுத்துவது கிடையாது.

"கார்வெத் உங்க பட்டியல்ல இருக்குங்கையா. வீட்டம்மா பேருல. காகிதம் வியாழக்கிழமையே வந்துருச்சு. நான் பாக்கல. தப்பு என்னோடது."

"கார்வெத்தா? அது பாத்திரம் செய்யிற கம்பெனி இல்லியா?" என்றார் ஸ்ட்ராண்ட்.

"அவங்க இப்ப எல்லாம் செய்யிறாங்க, லியோ" என்றார் மேடக்ஸ். பிறகு ஒடெஸாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பெரிய பெரிய வக்கீல்கள் தடுமாறியிருக்கிறார்கள். "காகிதம் எங்க இருந்துச்சு?"

"என் தட்டுல, ஜட்ஜம்மா. படத்திறப்புக் காகிதத்துக்கு அடியில."

"ம். அப்புறம் பேசலாம். வக்கீல்கள்கிட்ட சொல்லிடு, ரெண்டு பேரா முடிவு பண்றோம்னு. ப்ரூயெட், வாங்க."

கதவு சாத்தியது. ஒடெஸா திரும்பி நீதிமன்ற அறைக்குப் போய் வக்கீல்களிடம் சொன்னார். அம்மாளின் வக்கீல் முகத்தில் ரத்தமே இல்லை. "அவரு ஒருத்தரைத்தான்..." என்று ஆரம்பித்து விழுங்கிக்கொண்டார். வில்லாடீன் எழுந்து வந்து, "என்னம்மா, ஏதாச்சும் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். "உங்க வக்கீலைக் கேளுங்க" என்று விதிப்படி சொல்லிவிட்டு, ரொட்டிப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார் ஒடெஸா. அவள் அதில் ஒன்றை எடுத்து இவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். அதைத் தின்ன முடியவில்லை. குற்றவாளி கையில் கொடுத்த ரொட்டிபோல் இருந்தது.

தாழ்வாரத்து பெஞ்சில் ஸ்ட்ராண்ட் தனியாக உட்கார்ந்திருந்தார். "முப்பத்தெட்டு வருஷத்துல முதல் தடவையா இந்தக் கதவுக்கு வெளியில இருக்கேன். இங்க ரொம்பக் குளிருது, ஒடெஸா. எப்படித் தாங்கற?" என்றார்.

"ஸ்வெட்டர் போட்டுக்குவேங்கையா."

பதினைந்து நிமிடத்தில் கதவு திறந்தது. மேடக்ஸ் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒடெஸாவின் மேசைக்கு வந்து தட்டைப் பார்த்தார், அதன் ஆழத்தை விரலால் அளந்தார்.

"இது பழக்கூடை மாதிரி இருக்கு. தூக்கிப் போட்டுட்டு ஒரு தட்டையான பலகை வாங்கு. அப்புறம்..." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த மூணடி தூரத்துல நீ சொன்னதுக்கு நன்றி. நான் உன் இடத்துல இருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல."

அவர் போனதும் ஒடெஸா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வேலை போகவில்லை. அன்று தட்டு குப்பைக்குப் போனது. ஆனால் அந்த அம்மாளின் விஷயம் நெஞ்சில் முள்ளாக இருந்தது. மூன்று வாரம், ப்ரெஸ்டன் என்ன சமைத்தாலும் ஒடெஸா உப்பில்லை என்றார். அவர் ரெட்டிப்பு உப்புப் போட்டபோதும் அதையே சொன்னார்.

நவம்பர் ஏழாம் தேதி காலை தீர்ப்பு அவர் கணினிக்கு வந்தது. அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியது அவர்தான். பத்துப் பக்கம். எழுதியவர் மேடக்ஸ், உடன்பட்டவர் ப்ரூயெட். ஸ்ட்ராண்ட் பங்கேற்கவில்லை என்று அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி. ஒடெஸா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனார். ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை படித்தார். பக்கத்து மேசைக்காரி, "என்ன, யாராச்சும் செத்துப்போனாங்களா?" என்று கேட்டாள். "இல்ல, பொழச்சுட்டாங்க" என்றார் ஒடெஸா.

மதியம் ஸ்ட்ராண்ட் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார்.

"கோரின் நல்லா எழுதியிருக்கா. எனக்கு அந்த வாதம் தோணவே இல்ல, ஒடெஸா. வழக்குக் காகிதத்தைப் படிச்சப்ப சட்டம் கம்பெனி பக்கம்தான்னு பட்டுச்சு. ஓட்டும் அந்தப் பக்கம்தான் போட்டிருப்பேன். அன்னைக்கு முழுக்க அந்தம்மா முகத்தைப் பாக்கவே முடியல."

ஒடெஸா அவரை வெறித்துப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் யார் எந்தப் பக்கம் என்று முகம் பார்த்தே தெரியும் என்று நினைத்திருந்தவர். நடுநாற்காலியும் தப்பு, வலது நாற்காலியும் தப்பு. ப்ரூயெட்டைப் பற்றிக் கணக்கே போடவில்லை, அந்த மட்டும் நல்லது. அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. ஸ்ட்ராண்டும் ஏன் என்று தெரியாமலே கூடச் சிரித்தார்.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அம்மா, நான் வில்லாடீன் ஸ்டர்கில். வக்கீலுக்கு ஃபோன் போட்டேன், வேற கோர்ட்டுல இருக்காராம். என்னமோ வந்திருக்குன்னு அவரு ஆபீஸ்ல சொல்றாங்க. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல. எனக்கு ஜெயமா, இல்லியா?"

தீர்ப்புக்கு விளக்கம் சொல்வது ஊழியர்களுக்குக் கூடாத வேலை. வக்கீலைக் கேளுங்கள் என்று சொல்ல வாய் திறந்தார் ஒடெஸா, சொல்லவில்லை. விளக்கத்தான் கூடாது, பொதுப் பதிவேட்டில் இருப்பதை யார் கேட்டாலும் படித்துக் காட்டலாம்.

"அர்த்தம் நான் சொல்லக் கூடாதுங்கம்மா. எழுதியிருக்கறதைப் படிக்கறேன். உக்காந்துக்கிட்டீங்களா?"

"உக்காந்துக்கிட்டேன்."

"வாரியத்தின் உத்தரவு ரத்து செய்யப்படுகிறது. ஹோபார்ட் ஸ்டர்கில் சுரங்க வேலையால் வந்த நோயால் இறந்தார் என்ற முதல் முடிவே சரி. அவர் மனைவிக்கு வழங்கிய உதவித்தொகை மீண்டும் நிலைநிறுத்தப்படுகிறது."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"அவரு பேரு இருக்கா அதுல? ஹோபார்ட்னு?"

"இருக்குதும்மா."

"அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிங்கம்மா. ஒம்பது வருஷமா அவங்க, அவரு சிகரெட்டால செத்தாருன்னே எழுதிட்டு இருந்தாங்க."

ஒடெஸா படித்தார். தன் குரல் உடைவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.