மின்மினிக்காக இருட்டிய தெரு

காலை ஐந்து மணிக்கு ரோவிலில் இருந்து காரில் வெளிக்கிட்டேன். ஹெலன்ஸ்பர்க் எண்ணூற்றைம்பது கிலோமீற்றர் அளவில் வரும். அங்கே இருக்கும் என் தங்கச்சி வதனி கார்த்திகை விளக்கீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். வழியில் ஹோல்புரூக்கில் ஒரு கோப்பியும் பணிசும் பத்து டொலர்.

பிற்பகல் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வளவு முழுக்கக் காய்ந்த இலை. வதனி நாளுக்கு இரண்டு தரம் கூட்டுகிறவள். உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்துவிட்டேன்.

"கூட்டக் கூடாது அண்ணை. மின்மினிப் புழு இதுக்குள்ளதான் இருந்து நத்தை தின்னும்" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. முன்பு அங்கே மின்மினி இருந்ததாம். பிறகு உண்ணிச்செடி மூடி, தண்ணீரே தெரியாமல் போயிற்றாம். வதனி தெருவில் கதவு கதவாகத் தட்டிப் பதினொரு வீட்டாரைச் சேர்த்தாள். மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் செடி பிடுங்கி, கன்று நட்டு, மின்மினிக்கு இருட்டு வேண்டுமென்று, இங்கே கார்த்திகையை ஒட்டி வரும் வசந்தத்தில் வெளி விளக்குகளை அணைத்து வைக்கிறார்கள். ஒரு பூச்சியும் வரவில்லை. இந்த முறையும் வராவிட்டால் விட்டுவிடுவோம் என்று பாதிப்பேர் சொல்லிவிட்டார்கள். அன்று மாலை எல்லோரும் கடைசியாக ஒருமுறை பார்க்க வருவதாக ஏற்பாடு.

ஏழரை மணி. வதனி குளிக்கப் போயிருந்தாள். அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று இருபத்தொரு மண் சிட்டி விளக்குகளை எண்ணெய் ஊற்றிப் பின்வேலி ஓரம் வரிசையாகக் கொளுத்தி வைத்தேன். மின்விளக்குத்தான் கூடாது என்று நினைத்துவிட்டேன்.

"ஐயோ அண்ணை! என்ன செய்து வைச்சிருக்கிறியள்?" குளித்துவிட்டு வந்த வதனி கத்தினாள்.

பக்கத்து வீட்டுச் செந்தில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர். விட்டுவிடுவோம் என்றவர்களில் முதல் ஆள். "மூணு வருஷமா எங்க லைட்டை அணைக்க வச்சீங்க. இப்ப உங்க வீட்லயே தீபாவளியா அக்கா? ஊதி அணைங்க."

"விளக்கீட்டு விளக்கை ஊதி நூர்க்கிறதோ? மாட்டன்" என்றாள் வதனி.

அணைக்காமல் உள்ளே கொண்டுபோக வேண்டியதாயிற்று. நான் தட்டில் நாலு நாலாகத் தூக்கினேன். செந்திலும் வேலி தாண்டி வந்து வெறுங்கையால் எடுத்து, "சுடுது, சுடுது" என்று ஓடினார். எல்லாவற்றையும் குசினிக்குள் வைத்து யன்னல் சீலையை இழுத்து மூடினோம்.

எட்டே கால். முழுநிலவை மேகம் மறைத்திருந்தது. ஓடைக் கரையில் இருபது பேரளவில் நின்றார்கள். ஓடையில் ஒன்றும் இல்லை. வதனியின் மூன்று வருடத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எட்டரைக்குப் புதருக்கு மேலே வெளிர்பச்சையாக ஒரு பொட்டு. அணைந்தது. இரண்டடி தள்ளி மறுபடி. பிறகு இன்னொன்று. செந்தில்தான் மெல்லிய குரலில் எண்ணினார். எண்ணிக்கை ஒன்பது வரை வந்தது.

"அக்கா, சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"வழமைபோல ஏழுக்கு. சுட்ட கையோட வராதேங்கோ, கையுறை போட்டுக்கொண்டு வாங்கோ" என்றாள் வதனி. இருட்டில் யாரோ கைதட்டத் தொடங்க, கரை முழுவதும் தட்டியது.

மறுநாள் காலை எட்டுக்குத் திரும்பி வெளிக்கிட்டேன். வழியில் யாஸில் பெற்றோல் அடிக்கையில் ஒரு லொறிக்காரர் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். இப்படிக் கேட்பவர்களுக்கு ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறவன் நான். அன்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாவற்றையும் கூட்டி, என் தங்கச்சி ஓர் ஓடைக்கு மின்மினியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் நம்பாமல் பார்த்தார். ஒன்பது விரலை நீட்டிக் காட்டினேன்.