புதூர்நாட்டுக்கு மேலே ஒரு முழங்கால்

“…அவரு செஞ்சா இன்னா, நான் செஞ்சா இன்னாங்க மேடம், ஒரே வூடுதான? வலிக்குதுன்னு அழுவுறாரு. அதான் பட்டைய நான் கட்டிக்கினேன்” என்று குப்பு சொன்னபோது மணி பகல் பன்னிரண்டு. ஜவ்வாது மலையில், புதூர்நாட்டையும் தாண்டிய ஒரு சிற்றூரில், அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தோம். அதுவரை கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான் வந்திருந்தோம்.

காலை ஏழரைக்குத் திருப்பத்தூரில் பேருந்து ஏறினோம். கூட வந்த நளினி என் தங்கை மகள், இயன்முறை மருத்துவர். தொடை எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட மலைக்காரர்களுக்கு அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு கைப்பேசியும், கெண்டைக்காலில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்தனுப்புகிறார்கள். கைப்பேசி பயிற்சியைச் சொல்லித்தரும். கால் மடங்கி நீள்வதைப் பட்டை எண்ணி, கணக்கைக் கீழே மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். பயிற்சி செய்யாதவர் வீட்டுக்குத்தான் ஆள் போவார்கள். புளிய மரத்திலிருந்து விழுந்த சின்னையனோ ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அதனால் ஐந்து மாதமாக அவர் வீட்டுக்கு யாரும் போகவில்லை. அவர் நடப்பதைப் படம் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டலாம் என்றுதான் இன்றைக்குப் புறப்பட்டது.

புதூர்நாட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர் ஜீப். தலைக்கு நாற்பது ரூபாய். பலாப்பழங்களுக்கு நடுவே எங்களைச் சொருகிய ஓட்டுநர், “பழத்துக்கு அடிபட்டா நான் பதில் சொல்லணும். உங்களுக்கு அடிபட்டா மேடமே பாத்துக்குவாங்க” என்றார். இந்த மாதிரிப் பேச்சைப் பொறுக்கிச் சேர்க்கத்தான் நான் ஊர் ஊராய் அலைகிறேன். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

உள்ளே குப்புவின் கணவர் சின்னையன் கட்டிலில் கிடந்தார். முழங்காலுக்கு அடியில் தலையணை. அதன்மேல் கால் மடங்கினபடியே இறுகிப் போயிருந்தது.

“முந்தி இவரு காய்ச்சல்ல கெடந்தப்போ, இவரு வேண்டிக்கின முடிய இவரு தம்பிதான் போய்ட்டு குடுத்தான். முடியாதவங்களுக்கு வூட்டாளுங்க செய்யறதுதான? சாமி வேணாம்னா சொல்லிச்சி? இந்த போனும் தெனம் ‘அருமை, அப்படித்தான்’னு சொல்லுதே!” என்றாள் குப்பு.

நளினி மண்டியிட்டு அந்தக் காலை மெல்ல நீட்டிப் பார்த்தாள். சின்னையன் போட்ட கூச்சலில் வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின.

“இனிமே பயிற்சியால மட்டும் நீளாதுக்கா. மறுபடி ஆபரேசன் பண்ணணும். பண்ணாலும் பழையபடி நடப்பாரான்னு என்னால சொல்ல முடியாது” என்று குப்புவிடம் சொன்னாள் நளினி.

“இன்னொரு தபா வெட்டறதா? வேணாம்” என்றார் சின்னையன், சுவரைப் பார்த்தபடி. “இவளே ஏறி புளி உலுக்கட்டும். கால் நல்லா வந்துட்டது இவளுக்குத்தான?”

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் முறிந்தபோது, வலியில் அவர் திட்டத் திட்ட, பயிற்சி தரும் ஒரு பெண் தினம் வந்து காலைப் பிடித்து நீட்டிவிட்டுப் போனாள். இங்கே அப்படி ஒரு கை படாமலே ஐந்து மாதம் போய்விட்டது. இனி யார் வந்து என்ன?

ஒரு மணிக்குக் கைப்பேசி பயிற்சிக்குக் கூப்பிட்டது. அணைக்கப் போன நளினியின் கையைக் குப்பு தள்ளிவிட்டாள். பட்டையை எடுத்துக் கணவன் காலில் கட்டப் போனாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினார். குப்பு பாயை விரித்துப் படுத்து, பட்டையைத் தன் காலில் கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி நீட்டத் தொடங்கினாள்.