மொட்டைமாடியில் ஒரு சதுப்பு நிலம்

மேற்கு மலையில் மேகம் கட்டினால் ராஜபாளையத்தில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்க்கும். அம்மா மட்டும் மாடிக்கு ஓடுவாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மகளிர் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தபடியே அவள் முனைவர் பட்டத்துக்கும் உழைத்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைச் சதுப்பில், அலை ஏறி இறங்கும் தாழ்வில் உமரிச் செடி மட்டுமே படர்கிறது. சற்று மேடேறினால் கோரை அடர்ந்து உமரிக்கு இடமில்லாமல் போகிறது. அந்த எல்லையை வகுப்பது உப்பா, தேங்கும் நீரா, செடிகளுக்குள் நடக்கும் போட்டியா என்பது அவளுடைய கேள்வி. அதற்காக மொட்டைமாடியில் இரண்டு வரிசைத் தொட்டிகளில் உமரியையும் கோரையையும் சேர்த்தே நட்டிருந்தாள். ஒரு வரிசைக்கு நல்ல தண்ணீர். மற்றதற்குக் கல்லுப்பு கரைத்த தண்ணீர். நல்ல தண்ணீரில் உமரியும் செழிப்பாகத்தான் கிளம்பியது. கோரைதான் அதை நெருக்கி மூடிவிட்டது. உப்புத் தண்ணீரில் கோரை கருகியது, உமரி சிவந்து தடித்து நின்றது. உமரி உப்பை விரும்பி அங்கே குடியிருக்கவில்லை, மற்றவை வர அஞ்சும் இடம் என்பதால் பிழைத்துக் கிடக்கிறது என்று அம்மா சொல்வாள். திங்கட்கிழமை அவளுடைய பேராசிரியர் அளந்து பார்க்க வருவதாக இருந்தார். இடையில் ஒரு நல்ல மழை பெய்தால் உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்; எல்லாவற்றையும் மறுபடி நட வேண்டும்.

மழைக்காகவே உயிரை வைத்திருந்தவர் தாத்தா, அப்பாவின் அப்பா. சுந்தரபாண்டியத்தில் கண்மாயை ஒட்டிய பள்ளத்தில் அவருடைய வயல் இருந்தது. கிணறு வற்றியபின், சற்றுக் கரிக்கும் ஆழ்துளைத் தண்ணீரைத்தான் பாய்ச்சிவந்தார். மழை பெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தினமும் சொல்வார். எது சரியாக வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்பா எல்லையில் ராணுவத்தில் இருந்தார். வீட்டில் நாங்கள் மூவர்தான்.

அந்த ஐப்பசிப் பிற்பகலில் முதல் துளிகள் தரையில் தெறித்தபோது, அம்மா தார்ப்பாயின் ஒரு முனையைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டிவிட்டு மறுமுனைக்கு வந்தாள். அதன்மேல் தாத்தாவின் கால் இருந்தது.

“என்ன செய்யுத, தாயி?”

“தொட்டியை மூடுதேன் மாமா. செத்த நேரம் தள்ளிக்கோங்க.”

“ஊரே வானத்தப் பாத்துக் கெடக்கு. வந்த மழைக்குப் பாய் கட்டுதியா? வெள்ளாம பாக்குற சம்சாரி வீட்டுல செய்யுற வேலையா இது?”

“காலை எடுங்க மாமா.”

அம்மாவின் அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. காற்று பாயை உப்பவைத்து இழுத்தது, கயிறு கிறீச்சிட்டது. தாத்தா அசையவில்லை. உப்பு வரிசையின் வறண்ட மண்ணில் துளிகள் ஒவ்வொன்றாகக் குழி போட்டன.

“இது நனைஞ்சா எம்பாடெல்லாம் போச்சு. அடியில ஓட்டை இருக்கு, உப்பு பூரா எறங்கிரும்.”

தாத்தா தொட்டிகளைப் பார்த்தார். “ஓட்டை இல்லாட்டி?”

“என்ன மாமா?”

“தண்ணி எறங்க வழியில்லாத மண்ணுன்னா? எம்புட்டுப் பெஞ்சாலும் உப்பு போகாதா?”

“போகாது. காஞ்சதும் மேல பூத்துரும்.” அம்மாவின் கண் பாயின் மேலேயே இருந்தது.

“நெல்லு?”

“கோரையே நிக்காத மண்ணுல நெல்லு எங்கிட்டு மாமா வரும்?”

தாத்தா காலை எடுத்தார். அம்மா குனிவதற்குள் அவரே அந்த முனையைத் தூக்கிப் பிடித்தார். மழை பிடித்துக்கொண்டது. பாய்க்கு வெளியே நின்றபடி, முழங்கையிலிருந்து தண்ணீர் ஒழுக, மழை விடும்வரை அவர் கை தாழவில்லை. உப்பு வரிசை நனையவில்லை. அம்மா ஜெயித்துவிட்டாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா துண்டெடுக்கக் கீழே போனாள். தாத்தா ஓர் உமரித் தண்டைக் கிள்ளி வாயிலிட்டு மென்றார்.

“உப்பா, தாத்தா?”

“ஆமாட்டி. நம்ம வயக்காட்டு மண்ணு மாதிரியே இருக்கு.”

மண்ணை யாராவது தின்று பார்ப்பார்களா என்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எனக்காக அவரும் கொஞ்சம் சிரித்தார்.