தறுதலை எந்தப் பக்கம் போவான்

“யார் சொன்னா?”

இதைக் கேட்காமல் லிங்க் அக்கா காபிகூடக் குடிக்கமாட்டாள். கீழே புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள், காபி பிரமாதமாம் என்று டிசைன் பண்ணுகிற பெண் கப்பை நீட்டினால் அக்காவின் கை நீளாது. புருவம் மட்டும் ஏறும்.

“எல்லாரும் சொல்றாங்கக்கா.”

“எல்லாரும்னா யாரு?”

“நம்ம அக்கவுண்ட்ஸ் சார்.”

“அவர் எதைத்தான் நல்லா இல்லேன்னாரு? போன வாரம் இந்த லிஃப்ட்டையே நல்லா இருக்குன்னாரு. அதுல மாட்டிக்கிட்டு நீயும் நானும் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னோம்ல?”

அப்புறம் ஒரு வாய் குடிப்பாள். பிடித்திருந்தால் “ம்” என்பாள். அவ்வளவுதான். அந்த “ம்” வாங்குவதற்கு அலுவலகத்தில் போட்டியே நடக்கிறது. ஒருநாளில் இரண்டு “ம்” விழுந்ததாகத் தகவல் இல்லை. கேட்டால் கணக்குச் சொல்வாள். “வாய்ல இருக்கிறது ஒரு டம்ளர் தண்ணிதான்டி. ஒருத்தருக்கு ஊத்தினா தாகம் அடங்கும். ஊருக்கே ஊத்தினா நாக்கு நனையுமா?”

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. அதில் நாலைந்து பேர் உட்கார்ந்து சின்னச் சின்னக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறார்கள். அழகாகச் செய்து கொடுத்துவிட்டால் போதாது. தேடுகிறவன் கண்ணில் அது படவேண்டும். அங்கேதான் அக்கா வருகிறாள். ஒரு பக்கத்துக்கு வேறு எந்தப் பக்கங்களெல்லாம் இணைப்புக் கொடுத்திருக்கின்றன, அதாவது யார் யார் “அங்கே போய்ப் பார்” என்று விரல் காட்டியிருக்கிறார்கள் என்று தினமும் காலையில் தோண்டிப் பார்ப்பது அவள் வேலை. சொந்தப் பெயரை மறந்துபோய் எல்லாரும் லிங்க் அக்கா என்கிறார்கள். வாடிக்கையாளர் ஒருவர் “மிஸஸ் லிங்க்” என்று மின்னஞ்சலே அனுப்பியிருக்கிறார்.

ஒரு தேடுபொறி ஒரு பக்கத்தை எப்படி மதிக்கிறது என்று புது வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு “அது வந்து, அல்காரிதம்...” என்று ஆரம்பிப்பார். அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள்.

“ஒரு தறுதலை இருக்கான்னு வச்சுக்குங்க சார். வேலைவெட்டி கிடையாது. ஒரு பக்கத்தைத் திறப்பான். அதுல எந்த லிங்க் கண்ணுல படுதோ அதைத் தட்டுவான். போன இடத்துல இன்னொண்ணைத் தட்டுவான். கால் போன போக்கு. அலுத்துப்போச்சுன்னா எந்திரிச்சு சம்பந்தமே இல்லாத எங்கியோ போய்க் குதிப்பான். இப்படியே சுத்திக்கிட்டே இருக்கான். கடைசியில எந்த வீட்டு வாசல்ல அவன் அதிகமா நிக்கிறானோ அந்த வீடு பெரிய வீடு. அவ்வளவுதான் சங்கதி.”

“வேற ஒண்ணும் பாக்கமாட்டாங்களா?”

“இப்பல்லாம் நூறு விஷயம் பாக்குறாங்க சார். ஆனா ஆரம்பிச்சு வச்சது தறுதலைதான். இன்னும் அவனுக்கு மரியாதை இருக்கு.”

தறுதலையைப் பற்றிப் பேசும்போது அக்காவின் குரலில் உதவாக்கரைத் தம்பியைப் பற்றிப் பேசுகிற பாசம் இருக்கும். மழை பெய்தால் “அவன் எங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கிறானோ” என்பாள். ஒரு வாடிக்கையாளரின் பக்கத்துக்கு எவனும் வராவிட்டால் “தறுதலைக்கு வழியே இல்லியே, பாவம்” என்பாள். பாவம் வாடிக்கையாளரா தறுதலையா என்று யாரும் கேட்டதில்லை.

இத்தனை பேசுகிறவளின் கைப்பை ஊக்கு குத்தி இருக்கும். ஜிப் போய் நெடுநாளாகிறது. அதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவின் வீட்டுக்காரர் ஜிப் ரிப்பேர் செய்கிறவர். பை, பெட்டி, ஜாக்கெட், கூடாரம், எதன் ஜிப் வாயைப் பிளந்தாலும் மூடித் தருவார். டிசைன் பெண் வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுவாள்.

“ஏன்க்கா, அண்ணன்கிட்ட குடுத்தா அஞ்சு நிமிஷ வேலைதானே?”

“கடையில வரிசையில பை இருக்குடி. வந்தவங்களது முடியட்டும். நான் வீட்டு ஆளு.”

வரிசை நீளமாக இருந்த காலத்தில் சொன்ன பதில் அது. வரிசை சுருங்கிய பிறகும் பதில் மாறவில்லை. ஊக்கும் மாறவில்லை. காலையில் அவள் அந்த ஊக்கைக் குத்தும்போது ஜிப்புக்காரர் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

வரிசை சுருங்கியதற்குக் காரணம் இடம். கடை முன்பு தெருவைப் பார்த்து இருந்தது. கட்டடத்துக்காரர் முன்பக்கத்தைப் போன் கடைக்குக் கொடுத்துவிட்டு இவருக்குப் படிக்கட்டுக்குப் பின்னால் ஓர் அறையைக் காட்டினார். நல்ல அறைதான். ஜன்னல்கூட உண்டு. ஜன்னலுக்கு வெளியே சுவர். தெரிந்தவர்கள் தேடி வந்தார்கள். தெரியாதவர்கள் போன் கடையோடு திரும்பிப் போனார்கள். இந்த நேரம் பார்த்து, நகரத்தின் பெரிய வணிக வளாகத்திலிருந்து அழைப்பு வந்தது: கடையை மூடிவிட்டு எங்கள் கவுண்டரில் வந்து நில்லுங்கள், சீருடை நாங்கள் தருகிறோம், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லுங்கள். ஜிப்புக்காரர் யாருடைய கவுண்டரிலும் நின்றதில்லை. அவர் உட்கார்ந்து வேலை செய்கிறவர்.

அவருக்கென்று ஒரு பக்கம் இருந்தது. அவர் வாயால் சொல்ல, அக்கா தட்டச்சு செய்தது. ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. “ஜிப் மூடினதும் பின்னாடியே திறந்துக்குதா? பல்லைத் திட்டாதீங்க. பல்லு நல்லாத்தான் இருக்கு. பல்லு மேல ஓடுற ரன்னரோட வாய் அகண்டுபோச்சு. குறடால ரெண்டு பக்கமும் லேசா அமுக்குங்க. லேசான்னா லேசா. எறும்பு மேல கை வைக்கிற மாதிரி. ஜிப் ஓடாம அடம்பிடிச்சா பென்சில் முனையைத் தேய்ங்க.” இப்படியே போகும். கடைசி வரி: “பெட்டியோட கெட்டி ஓடு விரிசல் விட்டிருந்தா என்கிட்ட வராதீங்க, எனக்கு அது வராது. இவர்கிட்ட போங்க.” அந்த ‘இவர்’ மேல் ஓர் இணைப்பு. அது பக்கத்து நகரத்தில் இருக்கிற இன்னொரு பை ரிப்பேர்க்காரரின் பக்கத்துக்குப் போகும்.

பக்கம் நன்றாகத்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

“ஊர்ல இருக்கிற பல் டாக்டருக்கெல்லாம் லிங்க் பாத்துத் தர்றே. கட்டின புருஷனுக்கு ஒண்ணு கிடையாது” என்றார் ஒருநாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

“நான் வாங்கித் தர்றதில்லீங்க. யாரு குடுத்திருக்காங்கன்னு பாக்குறேன். வேவு பாக்குறவகிட்ட போய்ச் சண்டை போடச் சொன்னா எப்படி?”

“சரி, நீயாவது ஒண்ணு சொல்லலாம்ல.”

“பொண்டாட்டி சொன்னா செல்லாதுங்க.”

அவர் நூலின் முனையை வாயில் வைத்து ஈரப்படுத்தினார்.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போனது. நாத்தனார் கேக் செய்யச் சொல்லிக் கொடுக்கிறவள். எதையும் இரண்டு மடங்காகச் செய்கிற சுபாவம். ஞாயிற்றுக்கிழமை, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற கொழுந்தனையும் இழுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். போனைத் தூக்கிக் காட்டினாள்.

“முடிச்சாச்சு அண்ணி. என் கேக் பக்கத்துல தம்பியோட டிரைவிங்குக்கு லிங்க். தம்பி பக்கத்துல அண்ணனோட ஜிப்புக்கு லிங்க். இப்ப அண்ணன் பக்கத்துல என் கேக்குக்கு ஒண்ணு போட்டுட்டா வட்டம் கட்டி நிப்போம். எவன் அசைப்பான்?”

“ஜிப் பக்கத்துல கேக்கா?” என்றார் ஜிப்புக்காரர்.

“சாப்பிட்டுக் குண்டானா ஜிப் பிஞ்சிடும்ல அண்ணே. சம்பந்தம் இருக்கு. அப்புறம் அந்தக் கடைசி வரியைத் தூக்கு. கடை வாசல்ல நின்னுக்கிட்டு அடுத்த கடைக்கு வழி சொல்ற ஆளை நான் எங்கியும் பாத்ததில்ல.”

“எனக்குத்தான் ஓடு வேலை வராதே.”

“வராதுன்னா சும்மா இருக்கவேண்டியதுதானே. மைக் போட்டுச் சொல்லணுமா?”

அக்கா எழுந்து போய் அலமாரியிலிருந்து தட்டுகளை எடுத்து வந்தாள். மேஜையில் மூன்றை வட்டமாக வைத்தாள். கேக், டிரைவிங், ஜிப். கொஞ்சம் தள்ளி, மேஜையின் மறுகோடியில், மிச்சத் தட்டுகளையெல்லாம் பரப்பினாள். “அது உலகம்” என்றாள். கணவரின் மேஜையிலிருந்து நூல் கொண்டுவந்து உலகத்தின் தட்டுகளுக்கு இடையே தாறுமாறாக இழுத்துப் போட்டாள். மூன்று தட்டுக்கும் ஒரு வட்டம் போட்டாள். ஒரு பழைய கோட்டுப் பொத்தானைக் கொழுந்தன் கையில் கொடுத்தாள்.

“இவன்தான் தறுதலை. நூல் இருக்கிற பக்கமா நகர்த்துங்க தம்பி. நீங்களா யோசிக்கக் கூடாது. கண்ணை மூடிக்கிட்டு எந்த நூல் கைல படுதோ அது.”

கொழுந்தன் கண்ணை மூடினார். பொத்தான் உலகத்தில் அலைந்தது. ஒரு பெரிய தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் நின்றது, அதற்குத்தான் நூல் அதிகம். நாத்தனார் பொறுத்துப் பார்த்தாள்.

“நம்ம பக்கம் எப்ப வருவான்?”

“எப்படி வருவான்? நூலைக் காட்டு.”

நாத்தனார் மேஜையைப் பார்த்தாள். உலகத்திலிருந்து மூன்று தட்டுக்கு ஒரு நூல்கூட வரவில்லை.

“எப்பவாவது அலுத்துப்போய்க் குதிப்பான்னீங்கல்ல அண்ணி?” என்றார் கொழுந்தன், கண்ணைத் திறக்காமல்.

“குதிப்பான். இத்தனை தட்டுல நம்ம மேல விழணும். விழுந்தா நாலு சுத்து சுத்துவான். மறுபடி அலுத்துப்போய்ப் போயிடுவான். நீ என்னைச் சொல்லு, நான் உன்னைச் சொல்றேன்னு குடும்பத்துக்குள்ள வட்டம் கட்டினா, அது குடும்ப போட்டோ. போட்டோவை வெளியாள் எவன் தேடி வந்து பாப்பான்? இதையே பெரிசாப் பண்ணினா ஏமாத்து வேலைன்னு ஓரமாத் தள்ளிடுவாங்க.”

“அப்போ வெளியாள் ஒருத்தர் வேணும்” என்றாள் நாத்தனார்.

“ஒருத்தர் போதும். அவரைப் பத்துப் பேர் சொல்லியிருக்கணும். அவர் வாயால நிறைய பேரைச் சொல்லியிருக்கக் கூடாது.”

“அப்படி ஒரு சம்பந்தியைக் காட்டுங்க, நானே அவர் வீட்டுல பொண்ணு எடுக்கிறேன்” என்றபடி நாத்தனார் தட்டுகளை அடுக்கினாள். கேக்குக்கு லிங்க் போடவில்லை. கடைசி வரியும் அப்படியே இருந்தது, ஏனென்றால் ஜிப்புக்காரர் ஏற்கனவே எழுந்து போய்விட்டிருந்தார்.

மாதக் கடைசி நெருங்கியது. செருப்புக் கடை, பல் டாக்டர், பயண முகவர் என்று எல்லாருடைய பக்கங்களின் சாவியும் அக்காவிடம் இருந்தது. பயண முகவரின் பக்கத்தில் ‘பெட்டி கட்டுவது எப்படி’ என்று ஒரு கட்டுரையே உண்டு. அதில் ஒரு வார்த்தை மேல் ஓர் இணைப்பைப் போட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு மதியம் அந்தக் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காபி ஆடை கட்டியது. பிறகு மூடிவிட்டாள். டிசைன் பெண் பார்த்துவிட்டாள்.

“ஒண்ணு போட்டாத்தான் என்னக்கா?”

“நாளைக்கு நான் யார் சொன்னான்னு கேட்டா, நான்தான் சொன்னேன்னு வரும். எனக்கே சிரிப்பு வந்துடும்டி.”

அடுத்த வாரம் ஒரு காலையில், வழக்கம்போலத் தோண்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜிப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு வந்திருந்தது. கேக்கும் இல்லை, டிரைவிங்கும் இல்லை.

“யார் சொன்னா?” என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

ஒரே ஒரு பையை முதுகில் போட்டுக்கொண்டு நாடு நாடாக நடக்கிற ஒரு பெண் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அவளை யார் சொன்னார்கள் என்று பார்த்தாள். மலையேறுகிற சங்கங்கள், நூலகங்கள், செய்தித்தாள்களின் பயணப் பகுதிகள். நூல் நூலாக வந்து விழுந்தது. அவள் யாரையெல்லாம் சொல்லியிருக்கிறாள் என்று பார்த்தாள். அந்தக் கட்டுரையில் மூன்றே பேர். அதில் ஒருவரைப் பற்றி: “நடுவழியில் ஜிப் வாயைப் பிளந்தது. இந்த மனுஷன் சொன்னபடி அமுக்கினேன், மூடிக்கொண்டது. தனக்கு வராத வேலையை வராது என்று சொல்லி அடுத்தவரிடம் அனுப்புகிற ஆள், மிச்சத்தை நம்பலாம் என்று தோன்றியது.” ‘இந்த மனுஷன்’ மேல் இணைப்பு.

அக்கா “ம்” என்றாள். சத்தமாகவே. பக்கத்து மேஜைகள் திரும்பிப் பார்த்தன.

தறுதலை வர ஆரம்பித்தான். சில நாளில், ஜிப் என்று தட்டினால் முதல் பக்கத்திலேயே எறும்பு மேல் கை வைக்கச் சொல்லும் மனிதர் வந்தார். வீட்டில் அமுக்கிப் பார்த்துச் சரியாக வந்தவர்கள் நன்றி எழுதினார்கள். சரியாக வராதவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போன் கடையைத் தாண்டி, படிக்கட்டைச் சுற்றி, பின்னறைக்கு வந்தார்கள். நாத்தனார் போன் செய்து, அந்தக் கடைசி வரியை வைக்கச் சொன்னதே தான்தான் என்றாள். வணிக வளாகத்துக்காரருக்கு ஜிப்புக்காரர் சொன்ன பதில் சுருக்கமானது: “எனக்கு நிக்க வராதுங்க.”

அன்று சாயங்காலம் அக்கா வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனாள். சுவர் ஓரமாகப் பைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவர் ஒரு முதுகுப்பையின் ரன்னரைக் குறடால் அமுக்கிக்கொண்டிருந்தார். லேசாக.

“யாரோ நடந்து போற பொண்ணாம்ல” என்றார் நிமிராமல். “மூணு பேர்ல ஒருத்தன் நானாம்.”

“நல்ல இடங்க. பத்தோட பதினொண்ணாச் சொல்ற ஆள் இல்ல அது.”

“சரி. நீ என்ன சொல்றே?”

“நான் சொன்னா செல்லாதுங்க.”

“அங்க செல்லாது.” ஜிப்பை ஒருமுறை இழுத்து மூடினார். “இங்க செல்லும்ல.”

அக்கா நின்றாள். தோளிலிருந்து கைப்பையை இறக்கினாள். உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு துணிப்பையில் கொட்டிக்கொண்டாள். ஊக்கைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தாள். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய், யாரோ கொண்டுவந்த பச்சைப் பெட்டிக்குப் பின்னால், வாய் பிளந்த தன் பையை நிமிர்த்தி உட்காரவைத்தாள்.