என் முதல் பேனா கக்கிய மை

1958-ஆம் வருடம், ஏப்ரல் மாதக் கடைசி. கொடைக்கானலில் சீசன் தொடங்க நாலைந்து நாட்கள் இருந்தன. வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறிய பஸ் ஒன்றில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பழனியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, 'என்னப்பா, வேலை ஏதாச்சும் கிடைச்சுதா?' என்று கேட்பவர்களுக்குப் பயந்து மூன்று வருடங்களாகச் சந்து சந்தாகப் புகுந்து போய்க்கொண்டிருந்தவன் நான்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, கையெழுத்து அழகாக இருக்கும். அதை நம்பித்தான் கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். பதில் வந்தது. வருகிறவர்களின் பெயர், ஊர் எல்லாம் ரிஜிஸ்தரில் எழுத வேண்டும், கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும், சலவைக்குப் போகும் துணிகளுக்குப் பட்டியல் எழுத வேண்டும். கடைசியில் மேனேஜர் ஒரு வரி சேர்த்திருந்தார்: சொந்தமாக ஒரு பவுண்டன் பேனா கொண்டு வர வேண்டும், தொட்டு எழுதும் கட்டைப் பேனாவால் தன்னுடைய ரிஜிஸ்தரைப் பாழாக்க விடமாட்டாராம். நான் அதுவரை கட்டைப் பேனாவைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை.

பழனியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேனாக் கடை இருந்தது. கடை என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒருவர், அவ்வளவுதான். பஸ் கட்டணம் போக என்னிடம் மூன்று ரூபாய் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். சொல்லியும் அவர் தங்க நிறத்தில் மூடி போட்ட வெளிநாட்டுப் பேனாவை எடுத்துக் காட்டினார். "வாங்க வேணாங்க, சும்மா கையில பிடிச்சுப் பாருங்க" என்றார். பிடித்துப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

என் ரூபாய்க்கு இரண்டு பேனாக்கள் இருந்தன. ஒன்று, பச்சையும் மஞ்சளும் கலந்து பளிங்கு மாதிரி மினுங்கும் பம்ப் பேனா. உள்ளே ரப்பர் குழாய். பின்பக்கம் அழுத்தினால் மையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இன்னொன்று கறுப்பு. மினுக்கு எதுவும் இல்லாமல், தடியாக, கழுத்தைக் கழற்றிச் சொட்டுச் சொட்டாக மை ஊற்ற வேண்டிய சாதாரணப் பேனா. என் கை நேராகப் பச்சைப் பேனாவுக்குத்தான் போனது. எடுத்ததும் என் பெயரை இங்கிலீஷில் ஒரு வளைவோடு கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். ஜோராக இருந்தது.

கடைக்காரர் சிரித்தார். "கையெழுத்துப் போட்டுப் பாக்காதீங்க. அது எந்தப் பேனாவுலயும் நல்லாத்தான் வரும். பத்து வரி எழுதிப் பாருங்க. தினம் எழுதுற சோலிதானே உங்களுக்கு?"

பத்து வரி எழுதினேன். என்ன எழுதுவதென்று தெரியாமல், ஹோட்டலுக்கு வரப்போகும் விருந்தாளிகளின் பெயர்களாகக் கற்பனை செய்து எழுதினேன். ஆறாவது பெயரில் பச்சைப் பேனா காகிதத்தைக் கீற ஆரம்பித்தது. எட்டாவதில் மை வரவில்லை. உதறினேன், கண்ணாடிப் பெட்டிமேல் நாலு பொட்டு விழுந்தது. கறுப்புப் பேனா பத்து வரியும் ஒரே மாதிரி எழுதியது. மூடியைப் பின்னால் மாட்டாமல் பிடித்தால் கைக்கு இன்னும் வசதியாக இருந்தது. முள் தேய்ந்தால் முள்ளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ரப்பர் பழுதாகுமே என்ற கவலை இல்லை என்றார் கடைக்காரர். நான் எழுதும் சாய்வைப் பார்த்து, முள்ளை ஒரு கண்ணாடித் துண்டில் நாலு தடவை தேய்த்துக் கொடுத்தார். மை பாட்டில் தனி விலை. அதற்கு என்னிடம் காசில்லை என்று தெரிந்ததும், தன் பாட்டிலிலிருந்து ஓசியாகப் பாதி மட்டும் ஊற்றிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்த மலை படி ஏறிச் சாமி கும்பிடும் மலை. பஸ்ஸில் ஏறும் மலை அல்ல.

மறுநாள் வத்தலக்குண்டில் மலை பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். பேனா சட்டைப் பையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குத்தியிருந்தது. அடிக்கொரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டேன். எனக்கு முன் இருக்கையில் ஒரு பெரிய மனிதர், ஐம்பது வயது இருக்கும், வெள்ளைப் பட்டுச் சட்டையும் சரிகை வேட்டியுமாக இருந்தார். தங்கை மகளுக்கு அன்று மாலை கொடைக்கானலில் நிச்சயதார்த்தம் என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் பெண்கள் பக்கத்தில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு சலவைக்காரப் பெண். சீசன் சலவைக்காக நீலமும் சோடாவும் வாங்கிக்கொண்டு திரும்பியவர். அவருடைய மூட்டையைக் கண்டக்டர் வாங்கி, பெரிய மனிதரின் தலைக்கு மேலிருந்த கம்பித் தட்டில் வைத்திருந்தார். மூட்டைத் துணியெல்லாம் நீலக் கறை.

வளைவுகள் தொடங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. கையில் எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டிருந்தேன், பலிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுக்க வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் எனக்கு இருந்த ஒரே கவலை, குனிகிறபோது பேனா பள்ளத்தில் விழுந்துவிடக் கூடாதே என்பது. அதனால் பேனாவை எடுத்து மஞ்சள் பைக்குள் படுக்கப்போட்டு, பையை அதே கம்பித் தட்டில் வைத்தேன். வளைவுக்கு வளைவு நகர்ந்து, பை அந்த மூட்டையோடு போய் ஒட்டிக்கொண்டது.

பாதி மலையில் பஸ்கள் நிற்கும் ஊத்து என்ற இடம் வருவதற்குச் சற்று முன்னால் பெரிய மனிதர் துள்ளி எழுந்தார். தோளிலிருந்து மார்பு வரை நீலம் வழிந்திருந்தது. மேலே பார்த்தார், நீலக் கறை படிந்த மூட்டையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"யாரு மூட்டை இது? ஏ பொம்பள, ஒன்னோடதுதானே? நல்ல காரியத்துக்குப் போறவன் சட்டையப் பாழாக்கிட்டியே!"

அந்தப் பெண் பதறிக்கொண்டு முன்னால் வந்தார். சட்டையை ஒரு பார்வைதான் பார்த்தார். "சாமி, இது நீலமில்லைங்க. மைங்க. நீலப் பொட்டணமெல்லாம் காஞ்சு கெடக்கு, தொட்டுப் பாருங்க. யாருகிட்டயாச்சும் எலுமிச்சம்பழம் இருந்தாக் குடுங்க, உப்புப் போட்டு இப்பவே தேச்சா வெரசா எடுத்துரலாம்."

எலுமிச்சம்பழம் என் கையில் இருந்தது. நான் விரல்களை மூடிக்கொண்டேன். பையிலிருந்து சொட்டுகிறது என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது; தட்டின் கம்பியில் அடுத்த சொட்டு என் பைக்குக் கீழேதான் திரண்டு நின்றது. எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சட்டைக்குப் பணம் கேட்பாரோ, பேனாவைப் பிடுங்கிக்கொள்வாரோ, இதைக் கேள்விப்பட்டு ஹோட்டலில் வேலை இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று என்னென்னவோ ஓடியது. வாந்தி எடுத்த களைப்பில் கிடக்கிறவனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டேன். நடிப்பு என்று எனக்கே தெரிந்தது.

ஊத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நின்றது. பெரிய மனிதர் பஸ் முதலாளிக்கு வேண்டியவர் போலிருக்கிறது. 'இந்த மூட்டையோடு இவள் வந்தால் நான் வரமாட்டேன்' என்று நின்றுவிட்டார். கண்டக்டருக்கு நேரம் ஆகிவிட்டது. "எறங்கிக்கம்மா, அடுத்த பஸ்ஸுல வா" என்று முடித்துவிட்டார். மூட்டையை எடுக்கக் கை நீட்டியபோது அந்தப் பெண்ணின் விரல்கள் என் மஞ்சள் பையில் பட்டன. விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். அவர் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார்.

மாலை ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் முதலில் பார்த்தது என் பையைத்தான். விழுந்து விழுந்து சிரித்தார். "பாதி மை போட்டு எடுத்தாந்தியா? மேல ஏற ஏற உள்ள இருக்கிற காத்து உப்பி மையத் தள்ளிரும்யா. ஒண்ணு ரொப்பிக் கொண்டா, இல்ல காலியாக் கொண்டா, எப்படி இருந்தாலும் நிமித்தி வச்சுக் கொண்டா. சீசனுக்கு வர்ற கெஸ்ட்டுல பாதிப் பேரு சட்டைப் பை நீலமாத்தான் வரும். நம்ம டோபியம்மாவுக்கு அதுதான் மொத சோலியே."

அந்த டோபியம்மா யாராக இருக்கும் என்று உறைத்ததும், பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவரே தொடர்ந்தார்: "இன்னிக்குச் சாயங்காலம் வந்து பெட்ஷீட்டெல்லாம் எடுக்கிறேன்னு சொன்னவ, ஆளக் காணோம். நாளன்னிக்கு கெஸ்ட் வர்றாங்க. இங்க வெயிலு மத்தியானம் வரைக்கும்தான், அப்புறம் மஞ்சு வந்துரும். எப்படிக் காய வைக்கிறது?" என் முகத்தைப் பார்த்து, "வர்ற வழியில ஏதாச்சும் பஸ் நின்னு கெடந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதுவும் ஒரு வகையில் உண்மைதான். ராத்திரி சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலையில் மேனேஜர் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறொரு சலவைக்காரருக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்து நூறு படுக்கை விரிப்புகளையும் எடுத்துக்கொண்டு போனார். சீசன் முழுவதும் விரிப்பு வேலை அவருக்கே என்று பேச்சு. அந்தப் பட்டியலை என் புதுப் பேனாவால் எழுதியது நான்தான். அழகாக வந்திருந்தது.

பத்து மணிக்கு மூட்டையோடு அந்தப் பெண் வந்தார். பின்னால் வந்த பஸ்கள் எதிலும் இடம் இல்லையாம். ஊத்தில் டீக்கடைக்காரர் வீட்டில் படுத்திருந்து, வெள்ளனே எழுந்து, காய்கறி ஏற்ற மேலே வந்த காலி லாரியைப் பிடித்திருக்கிறார். மேனேஜர் விரிப்பெல்லாம் போய்விட்டது என்றதும் அவர் அழவில்லை, கெஞ்சவில்லை. "ரெண்டு புள்ளைக்கும் இந்தச் சீசன வச்சுத்தாங்க வருசம் ஓடுது" என்று மட்டும் சொன்னார். மேசைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். பார்த்தும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

எழுந்து நின்றேன். "சார், அவங்க வராததுக்கு நான்தான் காரணம்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், கையில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் உட்பட.

மேனேஜர் ரிஜிஸ்தரை மூடிவைத்தார். பிறகு, "ஏலே, நேத்து சாயங்காலம் நான் கேட்டப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? அப்பச் சொல்லியிருந்தா காலையில அந்த ஆளக் கூப்பிட்டிருப்பனா?" என்றார். என்னை வேலையை விட்டுத் துரத்தவில்லை. ஆனால் கொடுத்த வாக்கை மாற்றவும் அவர் தயாராக இல்லை. மேசை விரிப்பு, துண்டு, விருந்தாளிகளின் உடுப்பு ஆகியவை மட்டும் அந்தப் பெண்ணுக்கு என்று முடிவானது. விரிப்புகள் போனது போனதுதான். பாதிச் சீசன் வருமானம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நான் ஒரு நாள் தாமதமாக வாயைத் திறந்ததற்கு அந்தப் பெண் கொடுத்த விலை அது.

அவர் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் போய் மன்னிப்புக் கேட்டேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. அது பொய் என்பதால் நிறுத்திக்கொண்டேன். அவர் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"பஸ்ஸுலயே சொல்லுவீங்கன்னு பாத்தேங்க தம்பி. நான் கையக் காட்டுனா யாரு நம்புவா? நீங்க சொல்லியிருந்தா அவரு உங்கள நாலு வார்த்தை வைவாரு, அவ்வளவுதான். உங்களையெல்லாம் எறக்கி விட மாட்டாங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூட்டையைத் தலையில் ஏற்றிவிட மட்டும் கை கொடுத்தேன்.

அந்தக் கறுப்புப் பேனாவால் பதினோரு வருடங்கள் எழுதினேன். மூன்று முறை முள் மாற்றினேன். மலை இறங்கித் திரும்பும்போதெல்லாம் கழுத்து வரை மை நிரப்பி, சட்டைப் பையில் நிமிர்த்திக் குத்திக்கொள்வேன். ஒரு சொட்டுக்கூட அது பிறகு கக்கியதில்லை. முதல் பேனா வாங்கும் பிள்ளைகளிடம் பத்து வரி எழுதிப் பாருங்கள் என்று இன்றும் சொல்கிறேன். மற்றதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். நான் செய்த தப்பை ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில் எப்போது நாக்கு ஒட்டிக்கொண்டாலும், 'வைவார்கள், அவ்வளவுதான்' என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். நான் பேசாமல் இருந்தால் பஸ்ஸிலிருந்து இறங்கப்போவது நானல்ல என்பது நினைவுக்கு வந்து, வாய் தானாகத் திறந்துவிடுகிறது.