வயர் மாட்டாத கூம்புல கேட்ட குரல்

முதல்லயே சொல்லிடுறேன், நான் இந்த மாதிரி சமாச்சாரத்தை நம்புற ஆளு கிடையாது. பேயி, பிசாசு, ஜின்னு, முனி, எதுவா இருந்தாலும் சரி. என் தொழில் அப்படி. திருத்தங்கல்ல மைக்செட் வச்சிருந்தேன். மாரியம்மன் பொங்கலுக்கும் நான்தான், தர்கா கந்தூரிக்கும் நான்தான், வேதக்காரக ஜெபக்கூட்டத்துக்கும் நான்தான். சுடுகாட்டு ஓரத்துல கூட சாமானுக்குக் காவலா தனியா படுத்திருக்கேன், ஒண்ணும் வந்து என் காலைப் பிடிச்சு இழுத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், சத்தம் வந்தா அதுக்குப் பின்னாடி ஒரு வயர் இருக்கும், வயருக்குப் பின்னாடி கரண்டு இருக்கும், அம்புட்டுதான். அதனாலதான் இதை நான் யார்ட்டயும் சொல்றதில்ல. நீங்க கேட்டீக, சொல்றேன். நம்பாட்டி போங்க, சிரிக்க மட்டும் செய்யாதீக.

இதுல இருட்டு கிடையாது, நாய் ஊளை கிடையாது. நல்ல பட்டப்பகல், சித்திரை வெயிலு. ரெண்டாயிரத்து எட்டோ ஒம்பதோ, நேரங்காலம் இல்லாம கரண்டைப் பிடுங்குவாகள்ல, அந்த சமயம். நாரணாபுரத்துக்கு வெளிய ஒரு பொட்டல்ல சாயங்காலம் ஜெபக்கூட்டம். எனக்கு ஆர்டர் குடுத்தது ஞானதுரை அண்ணாச்சி. பட்டாசுக் கம்பெனியில போர்மேனா இருந்தாரு. ஆளு நல்ல உசரம், ரெண்டு ஆளு தூக்குற சாமானை ஒத்தையில தூக்குவாரு, யாராச்சும் கை குடுக்க வந்தா கோவம் வரும். எல்லாம் தன் கையால நடக்கணும் அவருக்கு.

அவருக்கு ஒரே ஒரு குறை, குடி. விடுவாரு, மறுபடி பிடிப்பாரு, மறுபடி விடுவாரு. கூட்டத்துக்கு வசூல் பண்றது, பந்தல் போடுறது எல்லாம் அவருதான், ஆனா அவரு மட்டும் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல. அவரு சம்சாரம் எஸ்தர் அக்கா கெஞ்சாத நாளில்ல. "ஒரு வருசம் சுத்தமா தொடாம இருந்து காட்டுறேன், அப்புறம் போயி ஆண்டவர் முன்னாடி நிக்கிறேன்"னு சொல்லுவாரு. அந்த ஒரு வருசம் வரவே வராது, நடுவுல எங்கயாச்சும் வழுக்கிரும், மறுபடி மொதல்ல இருந்து.

அன்னைக்குக் காலையில பாஸ்டர் வந்திருந்தாரு, வெளியூர்க்காரரு, சின்ன வயசு. நான் வயர் இழுத்துக்கிட்டு இருக்கேன், பக்கத்துலயே ரெண்டு பேருக்கும் பேச்சு. பாஸ்டர் கேக்காரு, "அண்ணாச்சி, வீட்டுல குளிச்சு முடிச்சிட்டா ஆத்துக்குக் குளிக்கப் போவாக? அழுக்கோடதான போவாக?" அண்ணாச்சிக்கு மூஞ்சி செவந்து போச்சு. "நான் என் பலத்துல நிக்கிறவன் பாஸ்டர். எவர்ட்டயும் போயி தூக்கி விடுங்கன்னு கேட்டு எனக்குப் பழக்கமில்ல"ன்னு சொல்லிட்டு, பந்தலுக்குக் கம்பு பத்தலைன்னு கெளம்பிட்டாரு. தெக்க ஒரு பருத்திக்காட்டுக்கு அங்கிட்டு பழைய பம்புசெட்டு இருக்கு, அங்கன சவுக்குக் கம்பு கெடக்குன்னு. பந்தல்காரர் முருகேசன் கூட வாரேன்னாரு, வேண்டாம்னுட்டாரு.

உச்சிக்கு வந்துருச்சு வெயிலு. கரண்டு போயிருச்சு. பாஸ்டர் சிவகாசிக்குப் போயிட்டாரு. நானும் முருகேசனும் மட்டும் பந்தல் நிழல்ல உக்காந்திருக்கோம். எஸ்தர் அக்கா தூக்குச்சட்டியில சோறு கொண்டாந்தாக. "அவுக எங்க பாய்?"னாக. "கம்பு எடுக்கப் போனாருக்கா, வந்துருவாரு"ன்னேன். சரி நீங்க சாப்பிடுங்கன்னு எலையைப் போட்டாக.

இப்ப கவனமா கேளுங்க. நாலு கூம்பு ஸ்பீக்கர்ல மூணைக் கம்பத்துல கட்டியாச்சு. நாலாவது என் பக்கத்துல தார்ப்பாய் மேல கெடக்கு. அது காலையில இருந்தே சத்தம் குடுக்கல, பார்ப்போமேன்னு கழட்டி வச்சிருந்தேன். அதுக்கு வயர் மாட்டல. மாட்ட வேண்டிய வயரோட நுனி என் பல்லுல இருக்கு, தோலை உரிச்சுக்கிட்டு இருக்கேன். ஆம்ப்ளிபயர் பொட்டியே தெறக்கல. பேட்டரியும் அப்பத்தான் சார்ஜுக்குப் போயிருந்துச்சு.

அந்தக் கூம்புல இருந்து சத்தம் வந்துச்சு.

மொதல்ல 'உஸ்ஸு'ன்னு ஒரு எரைச்சல். அப்புறம் மூச்சு வாங்குற சத்தம். அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல், ரொம்ப மெதுவா, "என்னால ஆகல ஆண்டவரே. கை ரெண்டும் போச்சு. நீரு தூக்குனாத்தான் உண்டு."

எஸ்தர் அக்கா கையில இருந்த கரண்டி விழுந்துருச்சு. "பாய், இது அவுக சத்தம்"னாக. எனக்கு வாயில இருந்த வயரை எடுக்கத் தோணல. முருகேசன் என்னைப் பாக்காரு, நான் அவரைப் பாக்கேன். அவருக்கு வார்த்தை சரியா வெளங்கலையாம், ஏதோ கரகரன்னு கேட்டுச்சுன்னுதான் இன்னைக்கும் சொல்லுவாரு. நான் கூம்பைத் தூக்கிப் பாத்தேன், புரட்டிப் பாத்தேன், உள்ள கையை விட்டுக்கூட பாத்தேன், ஒண்ணுமில்ல. மறுபடி ஒரு தடவை வந்துச்சு, "நீரு தூக்கும்." அம்புட்டுதான், நின்னு போச்சு.

இதுல என்னன்னா, அந்தக் குரலுக்கு ஒரு எதிரொலி இருந்துச்சு. வருசக்கணக்கா சத்தத்தோடயே கெடக்குறவன் நான், கல்யாண மண்டபத்துல பேசுனா எப்படித் திரும்பும், கோயிலுக்குள்ள பேசுனா எப்படித் திரும்பும்னு காது பழகியிருக்கும். இது வட்டமான கல்லுச் சொவருல மோதி மேல ஏறுற சத்தம். கூடவே சொட்டுச் சொட்டா தண்ணி. "அக்கா, அந்தப் பம்புசெட்டுப் பக்கம் கெணறு இருக்கா?"ன்னு கேட்டேன். அவுக செருப்பு கூட போடாம அந்த வெயில்ல ஓட ஆரம்பிச்சுட்டாக. நாங்க பந்தல் கயிறை அள்ளிக்கிட்டு பின்னாடியே ஓடுனோம்.

கெணறு இருந்துச்சு. மேல சுத்துச் சொவர் இல்லாத பழைய வெட்டுக்கெணறு, வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மூடிக் கெடக்கு. அதுல ஒரு எடத்துல கொப்பு முறிஞ்சிருந்துச்சு. எட்டிப் பாத்தா, அடியில நெஞ்சளவு தண்ணியில நிக்காரு, துருப்பிடிச்ச பழைய மோட்டார் பைப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. மூஞ்சியெல்லாம் ரத்தம். சுத்தி இருக்குற கல்லுல எல்லாம் அவரு கைபட்ட ரத்தம், ஏறி ஏறி விழுந்திருக்காரு. எஸ்தர் அக்கா கத்துனாக, அதுக்கு அவரு கையை மட்டும் லேசா தூக்குனாரு.

கயிறைப் போட்டோம். அந்த நெலமையிலயும் மனுசன் தானே ஏறப் பாக்காரு, கயிறை இழுத்துப் பிடிச்சு ஒரு எட்டு வைக்க, தொப்புன்னு விழ. பக்கத்துக் கம்பெனியில இருந்து ஆளுக ஓடி வந்துட்டாக. முருகேசன் உள்ள எறங்கி இடுப்புல கட்டிவிட்டு மேல பாத்துக் கத்துனாரு, "அண்ணாச்சி, கையைக் காலை ஆட்டாதீக! சும்மா இருங்க, நாங்க தூக்குறோம்!" அவரு ஒரு நிமிசம் முருகேசனையே பாத்தாரு. அப்புறம் பைப்பை விட்டாரு. ரெண்டு கையும் தொங்கப் போட்டுட்டாரு. சின்னப் புள்ளையைத் தூக்குற மாதிரி தூக்குனோம், எனக்கு அந்தக் காட்சி கண்ணுக்குள்ளயே நிக்கிது.

ஆசுபத்திரியில தாடை ஒடைஞ்சிருக்குன்னு கம்பி வச்சுக் கட்டிட்டாக. ரொம்ப நாள் பேச்சு இல்ல, கஞ்சிதான். கூட்டம் அவரு இல்லாமலே நடந்துச்சு, நான்தான் மைக்செட்டு, ஆனா அந்தக் கூம்பைக் கட்டல. வீட்டுக்குக் கொண்டு போயி பிரிச்சுப் பாத்தா உள்ள இருக்குற காயிலு, அதான் கம்பிச்சுருளு, அறுந்து கெடக்கு. சாத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச ரிப்பேர்க் கடைக்காரர்ட்ட காமிச்சேன். இது எரிஞ்சு போன யூனிட்டு, இதுக்கு எவ்வளவு கரண்டு குடுத்தாலும் மூச்சு விடாதுன்னுட்டாரு.

அவருக்குப் பேச்சு வந்த பொறவு நான் போயிப் பாத்தேன். மெதுவா கேட்டேன், அண்ணாச்சி, உள்ள கெடக்கையில சத்தம் போட்டீகளான்னு. அவரு இல்லைன்னு தலையாட்டுனாரு. "விழும்போதே தாடை பைப்புல அடிச்சிருச்சு பாய். வாயைத் தொறக்கவே முடியல, எங்கிட்டு சத்தம் போட? தெம்பு இருந்த வரைக்கும் ஏறிப் பாத்தேன். கை ரெண்டும் போச்சு. அப்பத்தான் மனசுக்குள்ள சொன்னேன், என்னால ஆகல ஆண்டவரே, நீரு தூக்குனாத்தான் உண்டுன்னு."

வார்த்தைக்கு வார்த்தை அதேதான். எஸ்தர் அக்கா சொல்லிக் குடுத்திருப்பாகன்னு நீங்க நெனைப்பீக, நானும் அப்படித்தான் நெனைச்சேன். அவுகளைத் தனியா கூப்பிட்டுக் கேட்டேன். "அவுக வாயால மொதல்ல கேக்கணும்னுதான் பாய் நானும் சொல்லாம வச்சிருந்தேன்"னு அழுதாக.

அடுத்த மாசமே அவரு ஞானஸ்நானம் எடுத்தாரு. ஒரு வருசம் ஆகட்டும்னு சொல்லல. "ரத்தமும் சகதியுமா நாறிக்கிட்டுக் கெடந்தேன் பாய், கழுவிட்டு வான்னு சொல்லாமத்தான தூக்குனாரு"ன்னாரு. அதுக்கப்புறம் அவரு குடிச்சு நான் பாக்கல. இயேசப்பா காப்பாத்துனாருன்னு அவுக சாட்சி சொல்றாக. எல்லாம் படைச்சவன் செயல்னு எங்க வீட்டுல சொல்றாக. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரல. எனக்கு இருக்குறது வேற கேள்வி, வாயே தொறக்காத மனுசனோட குரல் எரிஞ்சு போன கூம்புல எந்த வழியா வந்துச்சு? அதே பொட்டல்ல, அதே மாதிரி மத்தியானத்துல, எத்தனையோ தடவை அதைக் கொண்டு போயி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒண்ணும் வந்ததில்ல.

ஆனா அதுகூட பரவால்ல. பேச்சு வந்த பொறவு போயிப் பாத்தேன்ல, அன்னைக்கு நான் கெளம்பும்போது அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டாரு பாருங்க, அதுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது.

"ஆமா பாய், யாரு அந்த அப்பாசு? அவரைப் பாத்து ஒரு நன்றி சொல்லணும்."

"எந்த அப்பாசு அண்ணாச்சி?"

"நான் வேண்டிக்கிட்ட உடனே மேல ஒருத்தர் எட்டிப் பாத்தாரு. வெயில் கூசுச்சு, மொகம் தெரியல. 'பயப்படாத, அப்பாசு வாரான்'னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கு ரொம்ப நேரம் கழிச்சுத்தான நீங்க எல்லாம் வந்தீக."

கெணத்துப் பக்கம் எங்களுக்கு முன்னாடி யாரும் போகல, கம்பெனி ஆளுககிட்ட எல்லாம் விசாரிச்சாச்சு. எனக்கு ரேசன் கார்டுல பேரு இப்ராகிம். ஊருக்குள்ள மைக்செட் பாய். அப்பாசுங்கிறது எங்க அம்மா என்னைக் கூப்பிட்ட பேரு, எங்க அம்மா மட்டும்தான். அம்மா மவுத்தாகி, மண்ணுக்குள்ள போயி அப்பவே பல வருசம் ஆகியிருந்துச்சு.