கதவுக்குப் பின்னால் கண்ணம்மாள்

எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழத்துக்குத் தோலுரிக்கும் பழைய கொட்டகையை டிவி தொடர் எடுக்கிறவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். உள்ளே பலகை அடித்து, வெள்ளிநிறம் பூசி, இதுதான் விண்வெளி நிலையம் என்றார்கள். ஆளே இல்லாமல் தானாக ஓடும் நிலையமாம். விளக்கு தானாக எரியும், சாப்பாடு தானாக வரும், கதவு தானாகத் திறக்கும். யார் நடத்துகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாத மர்மம். எனக்குத் தெரியும். கரடியூர் கண்ணம்மாள்.

கதவுக்கென்று கொண்டுவந்த மோட்டார் வந்த வேகத்தில் படுத்துவிட்டது. மூடுபனிதான் காரணமாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். கதவில் கயிறு கட்டி, பலகைக்குப் பின்னால் நின்று இழுக்க ஓர் ஆள் கேட்டார்கள். எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டரான நான் அவளை அனுப்பினேன். ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் போன பிறகு காப்பி பறித்தே ஒரே மகளை வளர்த்தவள்.

பீரோ அகலமே உள்ள இடம். நிழல் விழக்கூடாது, இருமக்கூடாது. பொழுதுக்கும் நின்றுகொண்டே கயிறு இழுத்தாள். முதல்நாளே திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகள் கௌரிக்குப் போன் போட்டு, டிவியில் வரப்போகிறேன், கதவு திறக்கிற வேஷம் என்று சொல்லிவிட்டாள். கௌரி தான் தங்கியிருக்கும் விடுதி முழுக்கச் சொல்லிவிட்டாள். தன் முகம் வராது என்பது கண்ணம்மாளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

டைரக்டர் பிரபாகரிடம் போய்க் கேட்டாள். "ஏனுங்க, ஒரே ஒரு தடவ என்ற மூஞ்சி வந்தாப் போதுமுங்க. புள்ளகிட்டச் சொல்லிப்புட்டனுங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவள் தெரிந்தால் அப்புறம் கதையே இல்லை என்று பொறுமையாகத்தான் சொன்னார். நியாயம்தான். ஆனாலும் எனக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. சந்தனமும் குங்குமமும் வைக்காமல் எங்கள் ஆட்கள் எந்த மெஷினிலும் கை வைக்க மாட்டார்கள். இவள் விண்வெளிக் கதவுக்கும் வைத்துவிட்டாள். சாயங்காலம் எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தார்கள். ஆளில்லாத நிலையத்துக் கதவுக்குப் பொட்டு வைத்தது யார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அத்தனையையும் மறுநாள் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

அதற்குள் அவள் தோள் வீங்கிவிட்டது. வேறு ஆளை அனுப்புகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க ரைட்டரய்யா. கதவத் தொறக்கறது நாந்தான்னு சொல்லியிருக்கறன். இன்னொருத்தர் இழுத்தா அதும் பொய்யாப் போயிருமுங்க."

முகம் வராது என்று மகளிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டு, ஒளிபரப்பாகும் நாளே வந்துவிட்டது. எங்கள் வீட்டு டிவியில்தான் பார்த்தாள். சுவரோரம் உட்கார்ந்தவள் பாதிநேரம் தலையைக் குனிந்தே இருந்தாள். கதவு திறந்தது, மூடியது. ஓரிடத்தில் மட்டும் பாதியில் நின்று, லேசாக நடுங்கி, பிறகு மெல்லத் திறந்தது. கதாநாயகன் அதைப் பார்த்துப் பயந்து நின்றான்.

முடிந்ததும் போன் அடித்தது. எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு விடுதியில் தலைகுனிவாகியிருக்கும் என்ற பயம் முகத்திலேயே தெரிந்தது. எடு என்று நான்தான் அதட்டினேன். காதுவரை கை தூக்க முடியாமல், மடியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

முகம் வரவேயில்லையே என்றாள் கௌரி. பின்னால் விடுதிப் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது.

"அம்மா, ஒரு எடத்துல கதவு பாதியில நின்னுச்சே. அப்ப உனக்குக் கை நொம்ப வலிச்சுதா?"

கண்ணம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமா கண்ணு. இன்னும் வலிக்குது."